ஏழு முதல் பத்தரை வரை

ஏழு மணிக்குப் பூப்பந்துக்காரர்கள் போக வேண்டும்.
ஏழு பத்துக்கும் போகமாட்டார்கள்.
கடைசி ஆட்டம், கடைசி ஆட்டம் என்பார்
வியர்த்து நிற்கும் திரு. குவெக்.
ஒலிபெருக்கிக் கம்பியைத் தோளில் சுற்றிக்கொண்டு
கோட்டுக்கு வெளியே நிற்பேன்,
கல்யாணத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டவள் மாதிரி.

மார்சிலிங், சமூக மன்றம், இரண்டாம் மாடி.
மாதத்தின் மூன்றாவது சனி.
மேடை என்று ஒன்றில்லை.
ஒற்றையர் கோட்டுக்கும் இரட்டையர் கோட்டுக்கும் நடுவே
ஒரு பட்டை, அவ்வளவுதான்.
டிரம் செட் இரவல். மீன்கடை வேனில் வரும்.
எத்தனை துடைத்தாலும் சிம்பலில்
கொஞ்சம் கடல் மிச்சமிருக்கும்.

விண்ணப்பத்தில் கேட்பார்கள்: நிகழ்ச்சியின் நோக்கம்?
முதல் மாதம் பக்கம் நிறைய எழுதினேன்,
இளையர், தன்னம்பிக்கை, ஒருங்கிணைப்பு.
இப்போது கை தானாகச் 'சத்தம்' என்று எழுதுகிறது.
அடித்துவிட்டு 'இசை' என்று திருத்துகிறேன்.

எதிர் புளோக் ஆறாம் மாடியில் ஒருவர்.
ஒன்பது ஐம்பதுக்கு அழைப்பார்.
திட்டமாட்டார்.
இன்னும் எத்தனை பாட்டு, அவ்வளவுதான் கேள்வி.
இரண்டு இருக்கும்போது மூன்று என்பேன்.
சீக்கிரமே முடிந்த சந்தோஷத்தில்
தூங்கட்டும் மனிதர்.

கதவோரம் பெயர்த்தாள், நூலில் கட்டிய பேனா.

ஹைகலுக்கு வியாழக்கிழமை தேசிய சேவை.
பழகிக்கொள்ளத்தான் என்று
இன்றைக்கே மழித்துக்கொண்டு வந்துவிட்டான்.
ஒவ்வொரு பாட்டின் முடிவிலும்
இல்லாத முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கினான்.

வெய் ஜியே ஹொக்கியனில் ராப் செய்தான்.
வாசலில் நின்ற அவன் அம்மா
இரண்டே சொற்களுக்கு முகம் சுளித்தாள்.
மற்றதற்கெல்லாம் கால் தாளம் போட்டது.
அதை அவள் கவனிக்கவில்லை.

அடுத்து, தரங்கிணி.
நான்கு மாதமாக எழுதி
நான்கு மாதமாக அடித்த பெயர்.
அடித்த கோடுகூட அளவுகோல் வைத்ததுபோல் நேர்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
கேட்டால் ஐந்தாம் மாதம் வரமாட்டாள்.

இந்தச் சனி அடிக்கவில்லை.

கோட்டைத் தாண்டினாள். கிட்டாரைச் செருகினாள்.
முதல் தந்தியை முறுக்கினாள், தட்டினாள், முறுக்கினாள்.
இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்,
வாசிக்க வந்தவர்கள் பதினான்கு பேரையும் சேர்த்து.
இரண்டாம் தந்தி இறங்கியது, ஏறியது,
மறுபடி கொஞ்சம் இறங்கியது.
மூன்றாவதில் வெகுநேரம் நின்றாள்.
குளிர்சாதனப் பெட்டி ஒரே சுருதியில் முனகியது,
அதற்குத்தான் சேர்க்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.
யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை.
யாரோ இருமலைக்கூட விழுங்கினார்கள்.

நான்கு நிமிடம்.
ஆறும் சேர்ந்ததும் ஒருமுறை,
ஒரே ஒருமுறை வருடினாள்.
அது அடங்கும்வரை கேட்டாள்.
சரி என்று தனக்குத்தானே தலையாட்டிவிட்டுக்
கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

யார் முதலில் கைதட்டியது, தெரியாது.
இன்னொன்று! என்று ஹைகல் கத்தினான்.
கிண்டலில்லை. கிண்டலென்றால் எனக்குத் தெரியும்,
எட்டு மாதமாகக் கேட்கும் தொண்டை.

ஒன்பது ஐம்பது.
நடுவில் சத்தமே காணோமே, ஏதும் பழுதா?
இல்லை சார், சுருதி சேர்த்தார்கள்.
சேர்ந்ததா?
சேர்ந்தது.
நல்லது என்று வைத்துவிட்டார்,
எத்தனை பாட்டு என்று கேட்க மறந்து.

கடைசிக் குழுவின் டிரம் அதிர்வில்
உத்தரத்தில் எப்போதோ சிக்கிய பூப்பந்து ஒன்று
கீபோர்டின் மேல் விழுந்தது,
சாம்பல் நிறத்தில், பாதி இறகோடு.
பையில் போட்டுக்கொண்டேன், திரு. குவெக்குக்கு.

பத்து இருபத்தெட்டு. நாற்காலிகளை அடுக்கியாயிற்று.
அறிக்கைத் தாளை முழங்காலில் வைத்து எழுதினேன்:
தரங்கிணி. கிட்டார். நான்கு நிமிடம்.
பாடலின் பெயர் என்றொரு கட்டம்.
கோடு போடப் போனேன்,
கையில் அளவுகோல் இல்லை.
விளக்கை அணைத்துவிட்டுச்
சாவியைக் கொடுக்க இறங்கினேன்.